வெள்ளை நான்கு

ஜூலை எட்டு, காலை ஆறரை மணி.
ஃபிர்மீனோ மரத்தை ஒருமுறை சுற்றி வந்தான்.
கோடரி முனையைப் பட்டைக்குள் இறக்கி
லேசாகத் திருகினான்.
உள்ளே ஈரம் இருந்தால்
பழைய போர்வையைக் கிழிப்பது போல ஒரு சத்தம் வரும்.
வந்தது.

ஆள் உயரத்துக்குக் கழன்றது பட்டை.
மாவுக்கட்டுப் பிரித்த கையின் நிறத்தில்
உள்ளே நின்றது கார்க் ஓக்.
மதியத்துக்குள் காவியாகிவிட்டது.
பல்பீனா வெள்ளைப் பெயின்டில்
அதன்மேல் 4 என்று எழுதினாள்.
இருபத்து நான்காம் வருஷத்து நான்கு.
இனி முப்பத்து மூன்று வரை
அதை யாரும் தொடக் கூடாது.
இப்படி நூற்றுப் பன்னிரண்டு மரங்கள்.

இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் சொன்னான்
லியோனிலிருந்து தம்பி அனிசேட்டோ:
காடு காய்ந்து கிடக்கிறது, பொறு.
கூரை ஒழுகுகிறது என்றாள்.
மழையே இல்லாத ஊரில்
எது ஒழுகுகிறது என்றான்.
போனை வைத்துவிட்டாள்.

மெழுகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.
சூபெரின் என்று பெயர்.
பட்டையின் ஒவ்வொரு செல்லும்
தன் சுவரை உள்ளிருந்தே அதனால் பூசிக்கொள்கிறது,
ஒரு பூச்சு, காய்வதற்குள் இன்னொரு பூச்சு,
தண்ணீர் நுழையாதபடி,
பூஞ்சை நுழையாதபடி,
கடைசியில் சோறும் நுழையாதபடி.
வேலை முடியும்போது
பூசியவர் இருப்பதில்லை.
வீடு இருக்கிறது, உள்ளே காற்று இருக்கிறது.
விரல்கடை அகலத்தில்
தெருத்தெருவாகக் காலி வீடுகள்.
தீ வந்து தட்டும்.
திறக்க ஆள் இருக்காது.
காவல் என்பது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் ஐந்து.
எங்கோ ஒரு அறுவடை எந்திரம் கல்லில் உரசியது என்றார்கள்.
மூன்று மணிக்கு மலைக்குப் பின்னால் இருந்தது,
ஐந்து மணிக்குக் கிணற்றடியில்.

எதிர்க்காட்டுக் குஸ்தோதியோ
கோடரிக்காரர்களோடு கூலித் தகராறில்
அந்த வருஷம் ஒரு மரத்தையும் உரிக்கவில்லை.
அவனுடைய மரங்கள் கரி பிடித்து நின்றன,
அடுப்பிலிருந்து இறக்கிய பானைகள் போல,
வெளியே மட்டும்.
அக்டோபரில் துளிர்த்தன.
அவன் சாலையில் எதிர்ப்பட்டால்
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
வேறு பக்கம் பார்த்தான்.
அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பலகைகள் முந்தைய வாரமே லாரி ஏறிவிட்டன.
உடுப்பு பிழைத்தது,
உடம்பு வெந்தது.
காசோலை பணமானது.
செப்டம்பரில் புது ஓடு வேய்ந்தார்கள்.

பிப்ரவரியில் விதைக்கு உருளைக்கிழங்கு வெட்டி
செய்தித்தாளில் பரப்பி வைத்தாள்.
எப்போதும் செய்வதுதான்.
வெட்டுவாயில் தோல் கட்டிய பிறகே
மண்ணுக்குள் போட வேண்டும், இல்லையென்றால் அழுகும்.
நாலாம் நாள் விரலால் தடவினாள்.
காய்ந்து, சொரசொரத்து, மூடியிருந்தது.
அதே மெழுகுதான், கிழங்குக்கும்.
அது அவளுக்குத் தெரியாது.
நாலு நாள் என்று மட்டும் எண்ணினாள்.
பிறகு, இருபத்தெட்டு நாள்
கொடுத்தேனே என்றாள்,
அடுப்பங்கரையில், யாரிடமோ.

மார்ச் கடைசியில் பெயின்ட் டப்பாவோடு போனாள்.
நான்குகள் கொப்பளித்து உதிர்ந்திருந்தன.
ஓடைப்பக்கத்து ஒரு மரத்தில்,
அடியில், வேர் கிளம்பும் இடத்தில்,
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தளிர்.
ஆடு கடிக்காமல் இருக்க முள் வெட்டி வைத்தாள்.
தூரிகையை நனைத்தாள்.
தளிருக்கு மேலே கரிதான் இருந்தது;
அதில் எந்த எண்ணை எழுதுவது?
பெயின்ட் நுனியில் திரண்டு
செருப்பில் சொட்டியது.
டப்பாவை மூடினாள்.

அன்று இரவு மழை.
இரண்டு மணி நேரம், விடாமல்.
பழைய பழக்கத்தில் எழுந்து
வாளியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு
காத்திருந்தாள்.
ஒரு சொட்டு விழவில்லை.